செத்துப்போன பேட்டரி, சாகாத பேட்டரி

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். முகப்பு விளக்கு ஒரு நொடி மங்கி, அப்படியே அணைந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்: “பேட்டரி செத்துப்போச்சு.”

இந்த ஒரு சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். இரவு விளக்கை அணைக்க மறந்ததால் காலியான பேட்டரியும் செத்ததுதான். ஆறு மாதம் மூலையில் சும்மா கிடந்து வீணானதும் செத்ததுதான். உள்ளே தகடு உதிர்ந்து ஷார்ட் ஆனதும் செத்ததுதான். உண்மையில் இவை மூன்று வெவ்வேறு நிலைகள். மயங்கி விழுந்தவர், நெடுநாள் நோயில் படுத்தவர், உயிர் பிரிந்தவர் மூவரும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் அசையாமல் கிடப்பார்கள். கிட்டே போய் நாடி பிடித்துப் பார்த்தால்தான் யார் எந்த நிலை என்று தெரியும்.

நாடி பார்க்காததால் இரண்டு தவறுகள் நடக்கின்றன. நிதானமாக ஒரு நாள் சார்ஜ் செய்தால் எழுந்துவிடக்கூடிய பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். அல்லது, எழவே முடியாத ஒன்றின் மேல் கிளிப்பை மாட்டி, அது கொதித்து ஆசிட் தெறிக்கும்வரை கரண்டை ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். இரண்டாவது தவறு கண்ணைப் பறிக்கக்கூடியது. அதனால்தான் இதைக் கொஞ்சம் அடியிலிருந்து விளக்க நினைக்கிறேன்.

இங்கே பேசுவது கார், பைக், இன்வெர்ட்டர், யூபிஎஸ் ஆகியவற்றில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியைப் பற்றி மட்டும். செல்பேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு இதில் எதுவும் பொருந்தாது. இங்கே சொல்லும் முறைகளை அதில் செய்து பார்த்தால் தீப்பிடிக்கலாம்.

## உள்ளே என்ன நடக்கிறது?

பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைப்பது வழக்கம். மின்சாரத்தை ஊற்றி வைக்கிறோம், வேண்டும்போது திறந்து எடுக்கிறோம் என்று. இந்த உவமை எளிதாக இருக்கிறது, ஆனால் தப்பான இடத்துக்குக் கூட்டிப் போய்விடும். பேட்டரிக்குள் மின்சாரம் எங்கும் தேங்கி நிற்பதில்லை. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது உள்ளே எதுவும் போவதில்லை. சுருள்வில்லின் நிலைதான் மாறுகிறது. வில் பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப முள் ஓடுகிறது. பேட்டரியில் சுருள்வில்லின் வேலையைச் செய்பவை மூன்று பொருள்கள்: ஈயம், ஈய டை ஆக்சைடு, நீர் கலந்த கந்தக அமிலம்.

12 வோல்ட் பேட்டரியின் பெட்டிக்குள் ஆறு தனி அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையும் ஒரு செல். ஒரு செல் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் மொத்தம் 12.6 வோல்ட். இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நோயைக் கண்டுபிடிக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

செல்லுக்குள் இரண்டு வகைத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். நெகட்டிவ் தகட்டில் பஞ்சு மாதிரி நுண்துளைகள் நிறைந்த சாம்பல் நிற ஈயம். பாசிட்டிவ் தகட்டில் கரும்பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. எல்லாம் அமிலக் கரைசலில் மூழ்கியிருக்கும். இந்தக் கரைசலைத்தான் நாம் ‘ஆசிட்’ என்கிறோம். முழு சார்ஜில் இருக்கும்போது இதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கந்தக அமிலம், மீதி தண்ணீர். பிரான்ஸைச் சேர்ந்த காஸ்தோன் பிளான்தே 1859இல் செய்துகாட்டிய அமைப்பு இது. இத்தனை காலத்தில் பெட்டியும் தகட்டின் வடிவமும் எவ்வளவோ மாறிவிட்டன, அடிப்படை வேதியியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது, அமிலத்திலுள்ள சல்ஃபேட் பகுதி பிரிந்து இரண்டு வகைத் தகடுகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தகட்டின் மேல் ஈய சல்ஃபேட் என்ற வெள்ளைப் பொருள் மெல்லிய படலமாகப் படிகிறது. கூடவே தண்ணீர் உண்டாகிறது. ஆக, சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் நீர்த்துப்போகிறது, தகடு வெளுக்கிறது. சார்ஜ் செய்வது என்பது இதே கதையைப் பின்னாலிருந்து ஓட்டுவது. வெளியிலிருந்து கரண்ட் செலுத்தினால் சல்ஃபேட் தகட்டை விட்டுக் கரைசலுக்குத் திரும்புகிறது. ஆசிட் மறுபடி அடர்த்தியாகிறது.

இதுவரை பார்த்ததிலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஆசிட் எங்கும் தொலைந்து போய்விடவில்லை. தகட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ‘பேட்டரி வீக், கொஞ்சம் ஆசிட் ஊத்து’ என்ற யோசனை தப்பு. புதிதாக ஆசிட் ஊற்றிவிட்டு அப்புறம் சார்ஜ் செய்தால், தகட்டிலிருந்து திரும்பும் பழைய ஆசிட்டும் இதோடு சேர்ந்து, தகட்டையே அரிக்கும் அளவுக்குக் கரைசல் கடுமையாகிவிடும்.

## வெள்ளைப் படிவு கல்லாகும் கதை

தினமும் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். அன்றைக்கே விரலால் தேய்த்தால் போய்விடும். பல மாதம் கழித்துப் பார்த்தால் ஓடு மாதிரி இறுகியிருக்கும், சுரண்டினாலும் வராது. பொருள் அதேதான். நாள்தான் வேறு.

ஈய சல்ஃபேட்டுக்கும் இதுதான் நடக்கிறது. புதிதாகப் படிந்த சல்ஃபேட் மிகச் சிறிய படிகங்களாக இருக்கும். சார்ஜரின் கரண்ட் வந்தவுடன் எளிதாகக் கரைந்துவிடும். அப்படியே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து வளர்கின்றன. பெரிய படிகம் மெதுவாகத்தான் கரையும். ஈய சல்ஃபேட் மின்சாரத்தையும் கடத்தாது. தகட்டின் துளைகளை அடைத்து, அமிலம் உள்ளே போகும் வழியையும் மூடிவிடுகிறது. இந்த நிலைக்குப் பெயர் சல்ஃபேஷன். பட்டறையில் ‘பேட்டரி சல்ஃபேட் ஆயிடுச்சு’ என்று சொல்வது இதைத்தான்.

சல்ஃபேஷன் கெட்ட பேட்டரிக்கு மட்டும் வரும் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறை கரண்ட் எடுக்கும்போதும் சல்ஃபேட் உண்டாகத்தான் செய்யும், அதுதான் பேட்டரி வேலை செய்யும் விதம். அதை உடனே திருப்பி அனுப்பாமல் விட்டு வைப்பதுதான் நோய். முழுக்கக் காலியானவுடன் அன்றே சார்ஜ் போடப்பட்ட பேட்டரிக்குப் பெரிய பாதிப்பு இராது. பாதி சார்ஜிலேயே மூன்று மாதம் கிடந்த பேட்டரி அதைவிட மோசமாகியிருக்கும்.

## நாடி பார்ப்பது

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். பேட்டரியில் எதுவும் ஓடாமல், சார்ஜிலும் இல்லாமல் சில மணி நேரமாவது சும்மா இருந்த பிறகு அளக்க வேண்டும். இப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்த பேட்டரி, ஓடி வந்து நிற்பவரின் நாடி மாதிரி, கூடுதலாகத்தான் காட்டும்.

12.6 அல்லது 12.7 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 ஏறக்குறைய முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம். 11.8 என்று காட்டினால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ‘12 வோல்ட் பேட்டரி, 12 வோல்ட் காட்டுது, நல்லாத்தான் இருக்கு’ என்று நினைத்துவிடுவார்கள். முழுசுக்கும் காலிக்கும் நடுவே ஒரு வோல்ட் கூட வித்தியாசம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் இன்னொரு நல்ல கருவி உண்டு, ஹைட்ரோமீட்டர். ரப்பர் குமிழை அழுத்தி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் ஆசிட் ஏறும், உள்ளே இருக்கும் சிறு மிதவை எழும்பும். ஆசிட் அடர்த்தியாக இருந்தால் மிதவை உயர நிற்கும், நீர்த்திருந்தால் தாழ்ந்துவிடும். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்று வைத்துக்கொண்டால், கார் பேட்டரியில் முழு சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை காட்டும். 1.12 பக்கம் வந்துவிட்டால் காலி. சில இன்வெர்ட்டர் பேட்டரிகளை இதைவிடக் குறைந்த அடர்த்தியில் நிரப்புவார்கள், அதனால் பேட்டரியோடு வரும் தாளில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோமீட்டர் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான்: வோல்ட் மீட்டர் ஆறு செல்லுக்கும் சேர்த்து ஒரே எண்ணைச் சொல்கிறது, ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு செல்லையும் தனியாக விசாரிக்கிறது. ஐந்து செல் ஒரு மாதிரியும் ஒரு செல் 0.050க்கு மேல் குறைவாகவும் காட்டினால், அந்த ஒன்றில்தான் கோளாறு.

இப்போது மூன்று நிலைகளையும் பிரித்துவிடலாம். வோல்ட் 11க்கு மேல் இருந்து, சமீபத்தில்தான் காலியாகி, ஆறு செல்லும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் அது வெறும் மயக்கம். பல மாதம் கிடந்து, சார்ஜரில் மாட்டியவுடன் வோல்ட் சட்டென்று 15க்கு மேல் எகிறி, கரண்டை மட்டும் ஏற்காமல் அடம் பிடித்தால் சல்ஃபேஷன். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் ஷார்ட். 12.6இலிருந்து ஒரு கண்ணியின் 2.1ஐக் கழித்துப் பாருங்கள், கணக்கு அப்படியே ஒத்துவரும்.

என்னிடம் இருந்த பழைய கார் பேட்டரி ஒன்றில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். திறந்த வெளியில், கண்ணாடி மாட்டிக்கொண்டு, சார்ஜ் முடியும் நேரத்தில் ஆறு துளைகளுக்குள்ளும் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து செல்லில் சிறு சிறு குமிழிகள் நெரிசலாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. இடமிருந்து மூன்றாவது செல் மட்டும் குளத்து நீர் மாதிரி அசையாமல் இருந்தது. மறுநாள் காலை மீட்டர் 10.6 காட்டியது. தகடுகளிலிருந்து உதிர்ந்த பொருள் அடியில் சேர்ந்து பாசிட்டிவையும் நெகட்டிவையும் இணைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். இதற்கு வைத்தியம் கிடையாது. பேட்டரியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவுவது, உள்ளே குச்சியை விட்டுக் கிளறுவது போன்ற முயற்சிகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஆசிட்டும் ஈயத் தூளும் உங்கள் மேல் கொட்டுவதுதான் மிச்சமாகும்.

பெட்டி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், ஆசிட் கசிந்திருந்தால், உறைந்திருந்தால் சார்ஜரை எடுக்கவே வேண்டாம். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஆசிட் தண்ணீராகிவிடுகிறது என்று பார்த்தோம் அல்லவா? அதனால் கடுங்குளிர் இடங்களில் காலியான பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறையக்கூடும். முழு சார்ஜில் இருப்பது மைனஸ் 50இலும் உறையாது.

## கிளிப்பை மாட்டுவதற்கு முன்

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் விதிகள் தானாக நினைவில் நிற்கும். முதல் ஆபத்து வாயு. சார்ஜ் முடியும் தறுவாயில், மாற்றுவதற்குச் சல்ஃபேட் மிச்சம் இல்லாதபோது, கரண்ட் தண்ணீரையே உடைக்கத் தொடங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிளம்பும். குமிழிகளாக நாம் பார்ப்பது இவற்றைத்தான். இப்படி வீணாகும் ஒவ்வோர் ஆம்பியர் மணிக்கும் ஒரு செல்லிலிருந்து சுமார் 0.4 லிட்டர் ஹைட்ரஜன் வரும். ஆறு செல்லுக்கும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். ஆம்பியர் மணி என்பது ஓர் ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு. ஆக, 4 ஆம்பியரில் ஒரு மணி நேரம் கூடுதலாக விட்டாலே 10 லிட்டர். காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் இருந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதன் நெருப்பு பேட்டரிக்குள் புகுந்தால் பெட்டி வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். கதவை மூடிய சிறு அறையில் சார்ஜ் போடக் கூடாது என்பதும், பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடாது என்பதும் இதனால்தான்.

கிளிப் மாட்டும் வரிசையும் இதே காரணத்தால் வந்தது. சார்ஜர் அணைந்திருக்கும்போது சிவப்பைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் மாட்டுங்கள். அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, வாயு கலைய சில நிமிடம் விட்டு, பிறகு கிளிப்பைக் கழற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சார்ஜரின் கிளிப்பை உருவினால் தீப்பொறி சரியாக வாயு இருக்கும் இடத்திலேயே பறக்கும்.

இரண்டாவது ஆபத்து ஷார்ட் சர்க்யூட். 12 வோல்ட் நம்மைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் அலட்சியம் வரும். ஆனால் காலியாகாத கார் பேட்டரி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒன்றாகத் தொட்டால் சிவக்கச் சூடாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்தால் கதை இன்னும் மோசம். மோதிரத்தையும் உலோகப் பட்டைக் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். வண்டியிலிருந்து பேட்டரியை எடுக்கும்போது நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கும். நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது, பாசிட்டிவைக் கழற்றும்போது இடித்தால் ஷார்ட்தான். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

மூன்றாவது ஆசிட். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை. இவை இரண்டும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள். தரையில் சிந்தியதை சமையல் சோடா தூவி நுரை அடங்கும்வரை விட்டுத் துடைக்கலாம். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். டெர்மினலில் படியும் தூளில் ஈயம் இருக்கிறது, அது உடம்புக்குள் போகவே கூடாது.

## மயங்கிய பேட்டரியை எழுப்புவது

முதலில் தண்ணீர். திறக்கும் வகை பேட்டரியில் தகடுகள் காற்றில் தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மேல் கோடு வரை நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜ் ஏறும்போது கரைசல் விரிந்து உயரும், முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள குளோரைடும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும், திரும்ப வெளியே எடுக்கவும் முடியாது.

அடுத்தது கரண்ட். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான பழைய கணக்கு. 45 ஆம்பியர் மணி என்றால் 4 அல்லது 5 ஆம்பியர். 100 என்றால் 10. ரொம்ப ஆழமாகக் காலியான பேட்டரிக்கு முதல் சில மணி நேரம் இதிலும் பாதி போதும்.

சார்ஜர் ஏன் 14.4 வோல்ட் தர வேண்டும்? மேட்டிலிருந்துதான் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். பேட்டரியின் 12.6ஐவிடச் சார்ஜர் உயரத்தில் இருந்தால்தான் கரண்ட் உள்ளே போகும். ரொம்ப உயரம் போனால் தண்ணீர் உடையத் தொடங்கிவிடும். அந்த எல்லை சுமார் 14.4. தொடக்கத்தில் கரண்ட் வேகமாக ஏறும், கடைசியில் இழுத்துக்கொண்டே போகும். காலி அரங்கில் முதல் ஆட்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள், கடைசி ஆட்கள்தான் வரிசை வரிசையாக இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆவதன் காரணம் இது. பலர் இங்கேதான் பொறுமை இழந்து கிளிப்பைக் கழற்றிவிடுகிறார்கள். இடம் கிடைக்காமல் நின்ற அந்தச் சல்ஃபேட்தான் நாளைக்கு இறுகப் போகிறது.

முழுக்கக் காலியான பேட்டரிக்கு 12 முதல் 16 மணி நேரம் ஆவது சகஜம். அதனால் ‘ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓட்டினா சார்ஜ் ஆயிடும்’ என்பதை நம்பாதீர்கள். வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர், இழந்த கொஞ்சத்தை ஈடுகட்டுவதற்காகச் செய்யப்பட்டது. காலியான பேட்டரியை முழுசாக நிரப்பும் வேலையை அதன் தலையில் கட்டினால் அதுவும் சூடாகும், பேட்டரியும் பாதியிலேயே நிற்கும்.

முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பெட்டி இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு, ஒரே ஒரு செல் மட்டும் கொதிப்பது, அழுகிய முட்டை நாற்றம், இவற்றில் எது வந்தாலும் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. பேட்டரி எல்லை மீறிச் சூடாகிவிட்டது என்பதன் அடையாளம்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். இப்போதைய தானியங்கி சார்ஜர்கள், பேட்டரியில் சில வோல்ட்டாவது இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். 2, 3 வோல்ட்டுக்கு இறங்கியதை மாட்டினால் பேட்டரியே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரி செத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. சார்ஜருக்கு அதைத் தெரியவில்லை, அவ்வளவுதான். நல்ல பேட்டரி ஒன்றை இணையாக மாட்டிச் சார்ஜரை ஏமாற்றும் முறையைப் பலர் சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் காலியான பேட்டரியில் ஷார்ட் இருந்தால் நல்ல பேட்டரியின் முழு பலமும் அதன் மேல் பாயும். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கரண்டுக்கு எல்லை வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 14.4 வோல்ட், 1 ஆம்பியர் என்று வைத்து, 11 வோல்ட் தாண்டும்வரை ஏற்றிவிட்டு, பிறகு சார்ஜரிடம் ஒப்படைப்பது நிதானமான வழி.

மூடியே இல்லாத சீல்டு பேட்டரிகளில் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைக்கும் ஏஜிஎம், கூழாக்கி வைக்கும் ஜெல்) இழந்த தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை. அதனால் சார்ஜரில் அந்த வகைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஜெல்லுக்கு எல்லை இன்னும் குறைவு, சுமார் 14.1 வோல்ட். ஆழமாகக் காலியான ஏஜிஎம் முதல் சில மணி நேரம் கரண்டையே எடுக்காத மாதிரி இருக்கும். உள்ளே கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான் இருக்கிறது, அதில் கரண்ட் ஓட மறுக்கிறது. பொறுத்திருந்தால் மெல்ல ஏறத் தொடங்கும்.

சுருக்கமாக, மயங்கிய பேட்டரிக்குத் தேவை குறைந்த கரண்ட், 14.4 பக்கத்தில் எல்லை, நிறைய நேரம், நல்ல காற்று.

## நோயில் படுத்த பேட்டரி

சல்ஃபேஷன் ஏறிய பேட்டரிக்கும் மருந்து அதேதான், இன்னும் மெதுவாக. திறக்கும் வகை பேட்டரிக்கு மட்டும், வண்டியிலிருந்து முழுசாகக் கழற்றி வெளியே வைத்து, ஆம்பியர் மணியில் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு கரண்டில், அதாவது 100 ஆம்பியர் மணிக்கு 1 அல்லது 2 ஆம்பியரில், ஒரு நாள், இரண்டு நாள் தொடர்ந்து ஏற்றுகிறார்கள். வோல்ட் 15.5, 16 வரை போகும். வண்டியோடு இணைந்திருந்தால் இந்த வோல்ட் அதிலுள்ள மின்னணுப் பாகங்களைக் கெடுத்துவிடும். சீல்டு பேட்டரியில் இதைச் செய்யவே கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சார்ஜரை அணைத்து, தண்ணீர் மட்டம், சூடு, ஹைட்ரோமீட்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். மிதவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயர்கிறதா? சல்ஃபேட் திரும்பி வருகிறது, தொடருங்கள். அடுத்தடுத்து மூன்று முறை அளந்தும் அதே எண்ணில் நின்றால் வர வேண்டியது வந்துவிட்டது. அதற்கு மேல் ஏற்றினால் தண்ணீர்தான் உடையும்.

முழுசாகத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறுகிய படிகத்தில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும், உதிர்ந்த தகடு ஒட்டாது. பழைய கொள்ளளவில் கணிசமான பகுதி கிடைத்தாலே நல்ல பலன்.

மந்திரத் தூள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எப்சம் உப்பு போடுங்கள், இந்தக் கரைசலை ஊற்றுங்கள் என்று அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. இது புதுக் கதை இல்லை. அமெரிக்காவில் ஏடி-எக்ஸ்2 என்ற பெயரில் ஒரு தூள் விற்றது. அதில் பெரும்பகுதி சோடியம் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும். இரண்டாவதுதான் எப்சம் உப்பு. அந்நாட்டின் தேசியத் தர அளவீட்டு நிறுவனம் சோதித்துவிட்டுப் பலன் இல்லை என்றது. 1953இல் அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொல்லும் அளவுக்கு விவகாரம் பெரிதாகி, விஞ்ஞானிகள் கொதித்தெழுந்த பிறகு அவர் பதவியில் நீடித்தார். தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் அந்த நிறுவனத்தின் சோதனை சரி என்றே சொன்னது.

அப்படியானால் ‘எனக்கு வேலை செஞ்சுதே’ என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. உப்பைக் கரைத்தவுடன் கரைசல் கனமாகும், ஹைட்ரோமீட்டரின் மிதவை உயரும், சார்ஜ் ஏறியதாகத் தோன்றும். உப்பைப் போட்டவர் கூடவே இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜும் போட்டிருப்பார். பேட்டரியை எழுப்பியது அந்த இரண்டு நாள். துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் அனுப்பும் டீசல்ஃபேட்டர் கருவிகளைப் பற்றியும் என் கணிப்பு அதுதான்: பலன் கிடைத்த இடங்களில் பெரும்பங்கு நீண்ட மெதுவான சார்ஜுக்கே சேர வேண்டும்.

## எழுந்துவிட்டதா என்று பார்ப்பது

சார்ஜ் முடிந்தவுடன் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டுவதைப் பார்த்து மகிழ வேண்டாம். கழற்றி ஓர் இரவு விட்டுவிட்டு அளங்கள். 12.6 நின்றால் முதல் தேர்வில் பாஸ். 12.3க்குக் கீழே தானாக இறங்கியிருந்தால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது.

அடுத்தது பாரம் ஏற்றிப் பார்ப்பது. பேட்டரியை வண்டியில் மாட்டி, டெர்மினலில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சில நொடியில் 9.6க்கு மேல் நின்றால் நல்லது. 12.6இலிருந்து 7, 8க்கு விழுந்து எழுந்தால், படுத்திருக்கும்போது நாடி நன்றாக இருந்து, எழுந்து நின்றவுடன் தலைசுற்றும் நோயாளி மாதிரி. வோல்ட் இருக்கிறது, தெம்பு இல்லை. அப்படிப்பட்ட பேட்டரி சிறு விளக்கை எரிக்க உதவலாம், வண்டியைக் கிளப்பும் வேலைக்கு நம்ப முடியாது. மாற்றும்போது பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரி விற்பவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதிலுள்ள ஈயத்தை உருக்கி மறுபடி தகடாக்க முடியும், மண்ணில் கலந்தால் நஞ்சு.

## மறுபடி படுக்காமல் இருக்க

எதிலும் இணைக்காமல் வைத்தாலும் லெட் ஆசிட் பேட்டரி மாதம் சில சதவீதம் தானாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் வண்டியைப் பல வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவைக் கழற்றி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரப்பெட்டியிலும் ரப்பர் பெட்டியிலும் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியைத் தரை ஒன்றும் செய்யாது.

மாதம் ஒருமுறை மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.4க்கு வந்துவிட்டால் சார்ஜ் போடும் நேரம். நான் ஒரு துண்டு டேப்பைப் பேட்டரியின் மேலேயே ஒட்டி, அளந்த தேதியையும் வோல்ட்டையும் பேனாவால் எழுதி வைக்கிறேன். போன மாதம் 12.62, இந்த மாதம் 12.55 என்று இருந்தால் மீட்டரை மூடி வைத்துவிட்டுப் போய்விடலாம். 12.62க்குக் கீழே 12.31 என்று எழுத வேண்டி வந்தால், அன்றே சார்ஜரையும் ஹைட்ரோமீட்டரையும் எடுத்து ஆறு செல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவேன்.